தடுப்பூசியில் அலுமினிய உப்பு எதற்கு?

தடுப்பூசியில் அலுமினிய உப்பு எதற்கு என்றும், அதைப்போலவே எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் துணைப்பொருளான, அதைவிட வலுவான ஃபிராய்ண்ட் துணையூக்கியை ஏன் மனிதர்களுக்குப் போடுவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் (அன்னியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதம்) தயாரிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நன்கு சுத்திகரிக்கப்பட்ட புரதத்தை மட்டும் உடலில் செலுத்தினால், நோய் எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்னியப் பொருள் வந்திருக்கிறது என்பதோடு, அதனால் ஆபத்து இருக்கிறது என்ற அறிகுறியும் அதற்கு வேண்டும். அந்த அறிகுறியைத் தருவதே துணையூக்கியின் வேலை. தொண்டை அடைப்பான் நச்சுமுறிக்காக வளர்க்கப்பட்ட குதிரைகளில், ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தவையே அதிக நச்சுமுறியைத் தந்ததை 1920களில் கவனித்த காஸ்டோன் ராமோன், மரவள்ளி மாவையும் ரொட்டித் தூளையும்கூடச் சேர்த்துப் பார்த்தார். 1926இல் அலெக்சாண்டர் கிளென்னி அலுமினிய உப்பான படிகாரத்தைப் பயன்படுத்தினார். இன்றைய அலுமினிய உப்புகள் அந்த வழியில் வந்தவையே. ஒரு தவணையில் அலுமினியத்தின் அளவு பொதுவாக ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு.

ஃபிராய்ண்டின் முழுமைத் துணையூக்கி வேறு ரகம். கனிம எண்ணெயில் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகள் கலந்திருக்கும். இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து, எண்ணெயையும் புரதக் கரைசலையும் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், கை வலிக்கும் நேரத்தில் கலவை வெண்ணெய்போல இறுகும். அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கலையாமல் மிதக்க வேண்டும். கலைந்தால் மறுபடி தள்ள வேண்டியதுதான். புரதம் அந்த எண்ணெயிலிருந்து வாரக்கணக்கில் மெல்லக் கசிகிறது, கிருமியின் கூறுகள் எச்சரிக்கையை ஓயவிடுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் ஊசி போட்ட இடத்தில் கடும் அழற்சியும், ஆறாத கட்டிகளும், புண்ணும் வரக்கூடும். தவறிக் கையில் குத்திக்கொண்டால் ஆய்வாளருக்கும் அதே கதிதான். விலங்குகளுக்கே முதல் ஊசியில் மட்டும் இதைக் கொடுத்து, அடுத்தடுத்த தவணைகளுக்குக் கிருமி இல்லாத முழுமையற்ற வகைக்கு மாறிவிடுவோம். பல இடங்களில் முதல் ஊசிக்கும் மென்மையான மாற்றுகளையே கேட்கிறார்கள்.

ஆரோக்கியமான குழந்தைக்குப் போடுவதில் இந்த விலையைக் கொடுக்க முடியாது. அலுமினிய உப்பு எதிர்ப்பொருளை நன்றாகவே தூண்டினாலும் செல்வழி எதிர்ப்பை, அதாவது கிருமி புகுந்த செல்களை வெள்ளணுக்களே தாக்கும் வகையை, தூண்டுவதில் சற்று மந்தம் என்பதால்தான், அக்கி அம்மைத் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸில் சோப்புப்பட்டை மரத்தின் சாபோனினும், பாக்டீரியாவிலிருந்து எடுத்து நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட ஒரு கொழுப்புப் பொருளும் சேர்ந்த துணையூக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் போட்டவர்கள் கை வலியையும் காய்ச்சலையும் சற்று அதிகமாகவே சொல்வார்கள்.