கேட்டதும் சொன்னதும்: காட்டன் துரை எந்தக் காட்டன்?

போன இதழில் கொள்ளிடத்துக் கீழணையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்குக் கிளம்பிய கேள்விகளே இந்த இதழுக்குப் போதும்போல் இருக்கிறது.

அணைக்கரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர்க் கீழணையைக் கட்டிய ஆர்தர் காட்டனின் முன்னோர் பஞ்சு வியாபாரிகளா? லண்டனில் ‘காட்டன் நூலகம்’ என்று பழைய சுவடிகள் இருக்கின்றனவாம். அதுவும் இவர்கள் வீட்டுச் சொத்துதானா?

இரண்டும் இல்லை. காட்டன் என்பது அங்கே ஊர்ப்பெயர். குடிசைகள் இருந்த இடம் என்று பொருள், பஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரில் இங்கிலாந்தில் பல ஊர்கள் உண்டு. அங்கங்கே கிளம்பிய குடும்பங்கள் ஊரையே பெயராக வைத்துக்கொண்டன. நாம் செம்மங்குடி, உமையாள்புரம் என்று சொல்வதில்லையா? ஓர் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு வீட்டுக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். பல ஊருக்கு ஒரே பெயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் முதலில் தேடுவது குடும்பத்தின் கேடயச் சின்னத்தை. ஆர்தர் காட்டன் வம்சத்துக் கேடயம் நீல நிறம். நடுவில் ஓட்டுக்கூரை முகடு மாதிரி வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. பட்டைக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று நூல் சிட்டங்கள். தறிக்காரர்கள் சிட்டம் என்பார்களே, அதேதான், நிமிர்த்தி வைத்திருக்கும். பெயரை வைத்துச் செய்த வேடிக்கை அது. உங்கள் காதுக்கு வந்த பஞ்சு வியாபாரக் கதை இதைப் பார்த்துக்கூடக் கிளம்பியிருக்கலாம். காட்டன் நூலகத்துச் சுவடிகளைச் சேர்த்த சர் ராபர்ட் காட்டனின் கேடயத்திலோ சிறகு விரித்த கழுகு. அவர் ஹன்டிங்டன்ஷயரில் கானிங்டன் என்ற ஊர்க்காரர். நம்மவருடைய வேர் செஷயரில் கம்பர்மியர்.

கம்பர்மியரின் கதை ருசியானது. 1133இல் துறவிகளுக்காக ஏற்பட்ட மடம் அது. எட்டாம் ஹென்றி நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது 1538இல் இதுவும் போயிற்று. மறு ஆண்டே சர் ஜார்ஜ் காட்டன் என்ற அரண்மனைக்காரர் கையில் இருந்தது. மடத்துச் சொத்து கைமாறுவதைப் பற்றித் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மடத்தலைவரின் கட்டடத்தையே வீடாக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த தலைமுறை வெளிப்புறத்துக்குக் கோட்டை வேஷம் போட்டது, உள்ளே மடத்தலைவரின் கூடம் நூலக அறை ஆயிற்று. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1774இல் வேல்ஸுக்குப் போகும் வழியில் அங்கே தங்கினார். அவரை உபசரித்த சர் லிஞ்ச் காட்டன்தான் நம் ஆர்தரின் தாத்தா.

அந்தத் தாத்தாவின் மூத்த பிள்ளைக்கு ஸ்டேப்பிள்டன் என்று ஒரு மகன், அதாவது ஆர்தருக்குப் பெரியப்பா மகன். குதிரைப்படை அதிகாரியாக 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர். பிற்பாடு இந்தியாவின் தலைமைத் தளபதி, கம்பர்மியர் பிரபு. செஸ்டர் கோட்டை வாசலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை அவருடையது, மரோசெட்டி என்ற சிற்பி செய்தது. அண்ணன் காவிரிக்கு வந்தது திப்புவை முடிக்க, தம்பி வந்தது கொள்ளிடத்தில் ஓடிப்போகிற தண்ணீரைத் தடுக்க. இங்கிலாந்தில் குதிரையும் பீடமும் யாருக்குக் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள். ஆர்தரைக் கும்பிடுகிறவர்கள் அவர் இன்னோர் அணை கட்டிய கோதாவரிக்கரையில்தான் இருக்கிறார்கள்.

கம்பர்மியர் மாளிகை ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. ‘ஏரிக்கரை வம்சம், தண்ணீர் ரத்தத்தில் ஓடியது’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். 1803இல் பிறந்த ஆர்தர், இளைய பிள்ளை வழியில் பத்தாவது மகன். அந்த ஏரியில் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடப் பாத்தியம் இல்லை. கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் படித்து மதராஸ் இன்ஜினீயர் படைக்கு வந்தார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டாரிடம்தான் கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். கல்லணையைப் பார்த்துப் படித்த பாடம்தான் 1836இல் முக்கொம்பில் மேலணையாகவும் உங்கள் ஊரில் கீழணையாகவும் நின்றது.

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அந்த இன்னொரு காட்டன் சேர்த்த சுவடிகளில் அப்படி என்ன விசேஷம்?

1215இல் இங்கிலாந்து மன்னர் முத்திரையிட்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் அன்றைய பிரதிகளில் இன்று நான்குதான் மிச்சம். அதில் இரண்டு இவர் சேர்த்தவை. அவர்களுடைய ஆதி காவியமான பேவுல்ஃபுக்கு இருக்கிற ஒரே கைப்பிரதியும் இவருடையதுதான். அலமாரிகளுக்கு மேலே ரோமானியச் சக்கரவர்த்திகளின் தலைச்சிலைகளை வைத்து, அந்தப் பெயரிலேயே சுவடிகளை அடுக்கினார். இன்றுவரை அதே அடையாளம்தான். லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷச் சுவடி வேண்டுமென்றால் ‘நீரோ’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

முதலாம் சார்லஸ் மன்னருக்கு இந்தச் சுவடிகளைக் கண்டு பயம். அரசனின் அதிகாரத்துக்கு எல்லை எது என்று வாதாடுகிறவர்கள் இங்கே வந்துதானே ஆதாரம் தேடுவார்கள்? 1629இல் பூட்டுப் போட்டார். 1631இல் ராபர்ட் காட்டன் இறந்தார். நூறு வருஷம் கழித்து, 1731 அக்டோபரில், சுவடிகள் இருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீ. பேவுல்ஃப் தப்பியது, ஆனால் ஓரம் கருகிவிட்டது. கை பட்டபோதெல்லாம் ஓரத்து எழுத்து உதிர்ந்துகொண்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் ஒவ்வோர் ஏட்டுக்கும் காகிதச் சட்டம் கட்டினார்கள். ஓரம் உடைந்த ஓலையைச் சரசுவதி மகாலில் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

திருக்காட்டுப்பள்ளி வாசகர்: டார்வின் சாகும்போது மனம் மாறி பைபிள் படித்தார் என்று சொன்னவர் காட்டன் மகளாமே?

ஆமாம், ஆர்தரின் மகள் எலிசபெத், ஹோப் சீமாட்டி. 1915இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கதை வந்தது. டார்வினின் பிள்ளைகள் அதை அடியோடு மறுத்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அப்பாவின் வாழ்க்கையை அந்த அம்மாள் புத்தகமாக எழுதி வைத்தது நமக்கு லாபம்.

திருவையாற்று வாசகர்: நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே, இனிஷியல்தானே. நாம் எங்கே போய்த் தேடுவது?

வீட்டுப் பெட்டியில். இங்கிலாந்தில் 1538 முதல் தேவாலயங்களில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் பதிய உத்தரவு. நமக்கு அந்த வேலையைப் பாகப்பிரிவினைப் பத்திரம் செய்கிறது. ஒரு நல்ல பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். ராமசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் ராமசாமி என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த ராமசாமி என்று தெரிய, பத்திரத்தின் கடைசியில் இருக்கும் செக்குபந்தியைப் பாருங்கள். வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என்று நாலு எல்லையும் இருக்கும். ஆள் பெயரோடு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு அப்புறம் அடுத்த பத்திரத்தைப் பிரியுங்கள். மராட்டியர் காலத்துக்குப் போக வேண்டுமென்றால் அவர்கள் மராத்தியை எழுதிய மோடி என்ற பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.