கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

இம்முறை வந்தவை பெரும்பாலும் மாடி சோலார் பற்றிய கேள்விகள்.

3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். வெயில் கொளுத்தும்போதும் கரண்ட் போனால் எங்கள் வீட்டு ஃபேனும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (காரைக்குடி)

ஏமாற்றவில்லை. ஆனால் விற்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களுடையது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், அதாவது பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி. லைனில் மின்சாரம் நின்றதும் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை நினைத்துப் பாருங்கள். லைன் ஆஃப் என்று நம்பித்தான் அவர் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிரே போய்விடலாம். அதனால் யார் என்ன சொன்னாலும் அந்தப் பாதுகாப்பை எடுக்க விடாதீர்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடலாம். லைன் போனதும் வீட்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டு அது ஓடும். செலவு கூடும், சில வருடங்களில் பேட்டரியையும் மாற்ற வேண்டும்.

மே மாத வெயிலில்தான் நிறைய யூனிட் வரும் என்று நினைத்தேன். மார்ச் அளவுக்குக்கூட வரவில்லையே? (வேலூர்)

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் வாட் கணக்கு 25 டிகிரியில் சோதித்து எழுதப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். பேனல் 65 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பேனலுக்கு அடியில் காற்றுப் புக நல்ல இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு பேனலில் மட்டும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் என்கிறார்கள். பரவாயில்லையா? (தஞ்சாவூர்)

பரவாயில்லை என்று விடாதீர்கள். பேனல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஓஸ் பைப்பை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் முழுவதும் குறைவதுபோல, ஒன்றின் நிழல் மற்றவற்றையும் இழுத்துவிடும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்தை அனுப்ப உள்ளே இருக்கும் பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும். இன்னொன்று: டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் வடக்கே நீளும். ஜூனில் பார்த்துவிட்டு இடம் குறித்தால் மார்கழியில் வருத்தப்படுவீர்கள். தொட்டிக்குத் தெற்கே இடம் இருந்தால் பேனலை அங்கே வையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஆகிறது. சோலார் போடலாமா? (நாகர்கோவில்)

இப்போதைக்கு வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம் போக, நீங்கள் காசு கட்டுவது 80 யூனிட்டுக்குத்தான். முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 10 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் அந்த 80 யூனிட்டும் ஏறக்குறைய தீர்ந்தது. எரிக்காமல் விட்ட யூனிட்டைவிடச் சுத்தமான மின்சாரம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். அப்புறம் ஏசி வாங்கினால், அப்போது சோலார் பற்றி யோசிக்கலாம். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

பேனலை எப்போது கழுவுவது? (தூத்துக்குடி)

விடியற்காலையில், பேனல் சூடேறும் முன். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்துவிடும். மெல்லிய துணி போதும், சோப்புத்தூள் தேவையில்லை. பேனல் மேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள்.