சிறுகதையில் நோக்குநிலை என்றால் என்ன? அது ஏன் நடுவில் உடைகிறது?

கதையை யாருடைய கண், காது, மனசு வழியாகச் சொல்கிறோமோ அதுதான் நோக்குநிலை. பக்கத்து வீட்டுச் சண்டையை மதிலுக்கு இந்தப்புறம் நின்று கேட்பது மாதிரி: சத்தம் வரும், முகம் தெரியாது. தெரியாத அந்தப் பாதிதான் வாசகரை இழுக்கிறது.

மீனா வழியாகச் சொல்லும் ஒரு கதையில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: "மீனா கதவைத் தட்டினாள். உள்ளே ரகு எரிச்சலோடு எழுந்தான்." வெளியே நிற்கிற மீனாவுக்கு அந்த எரிச்சல் எப்படித் தெரியும்? நம்மை அறியாமல் ரகுவின் மனசுக்குள் தாவிவிட்டோம், நோக்குநிலை உடைவது இங்கேதான். "உள்ளே நாற்காலி கரகரவென்று நகர்ந்தது. கதவு பாதிதான் திறந்தது" என்று எழுதினால் போதும், எரிச்சலை வாசகரே பிடித்துக்கொள்வார். திருத்தும்போது 'நினைத்தான்', 'உணர்ந்தான்' வருகிற இடங்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நோக்குநிலை வேறு ஆளுக்கு மாறியே ஆகவேண்டுமென்றால் ஒரு வரி இடைவெளி விட்டு மாறுங்கள்.

ஒருவருக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லவேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாடு 'நான்' என்று எழுதும் கதைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 'அவள்' என்று எழுதினாலும், கதை அவள் வழியாக நடந்தால் இதே கட்டுப்பாடுதான்.