ஐடிஐ முடித்த தம்பிக்கு இன்னொரு கோர்ஸா, அப்ரண்டிஸா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஐடிஐயில் டர்னர் (கடைசல் வேலை) முடித்த தம்பியை மூன்று மாத கோர்ஸில் சேர்ப்பதா, ஒரு நிறுவனத்தில் வேலை பழகும் அப்ரண்டிஸாக அனுப்புவதா?

அப்ரண்டிஸ்தான். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகையும் உண்டு. பெங்களூர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு! நல்லவேளை, தம்பிக்கு வீடு இங்கேயே இருக்கிறது.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் சிஎன்சி லேத் ஓட்டுகிறேன், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின். புரோகிராம் எழுதுவதை வகுப்பிலேயே கற்றுவிடலாம். ஆனால் டூல் முனை தேயும்போது சத்தம் மாறும், விழுகிற இரும்புச் சுருளின் நிறம் மாறும். உடனே ஜாபை, அதாவது கடைகிற பாகத்தை, மைக்ரோமீட்டரில் அளந்து, ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்துக்கு மெஷினில் கொடுக்கும் திருத்த அளவு) 0.02 மில்லிமீட்டர் போல திருத்த வேண்டும். மெஷின் பக்கத்தில் நிற்காமல் இந்தக் காது வராது.

அப்புறம், ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் பையன்கள் வருடம் முழுக்கப் பெட்டிதான் தூக்கினார்கள். எந்த மெஷினில் விடுவீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், முடிந்தால் கன்னடத்தில்.