பத்துமலைக் கல்லுக்குக் கார்பன் முறை சரிவராது

அக்கா, படிவம் 4 படிக்கும் மகன் பள்ளித் திட்டத்துக்காகப் பத்துமலைக் கல்லின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. இந்த முறையில் அளக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கோ ஏறக்குறைய 40 கோடி வயது.

பூமியின் ஆரம்பம்தான் தலைப்பு என்றால் சிர்கான் என்ற கனிமத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், என் ஓட்டு அதற்குத்தான். சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டின் விகிதமே கடிகாரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு துகளுக்கு சுமார் 440 கோடி வயது. அங்குள்ள சிர்கான்களின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை வைத்துத்தான், உயிருக்கு வேண்டிய நீர் அவ்வளவு முன்பே இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

பத்துமலையில் கல்லை உடைக்க மட்டும் விடாதீர்கள், படம் எடுத்தால் போதும்.