வாசகர் கேள்விகள்: கடலுக்கு எத்தனை காவல்?

கேள்வி: றோலர் (கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகு) வந்து வலையை அறுத்துவிட்டுப் போனால் கடற்படை, நீரியல்வளத் திணைக்களம், பொலிஸ் என்று மாறி மாறி அலைகிறோம். சீனா எல்லாவற்றையும் ஒரே படையாக்கிவிட்டதாம். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?
(வடமராட்சி வாசகர்)

சீனா செய்தது உண்மைதான். 2013 வரை அங்கே கடல் கண்காணிப்பு, மீன்பிடிச் சட்ட அமலாக்கம், எல்லைப் பொலிஸின் கடல் பிரிவு, சுங்கத்தின் கடத்தல் தடுப்புப் பிரிவு என்று நான்கும் நான்கு அமைச்சுகளுக்கோ திணைக்களங்களுக்கோ கீழே தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருடம் நான்கையும் சேர்த்துச் சீனக் கரையோரக் காவல்படை என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் நிர்வாகம் சேராமல் வெளியேதான் நின்றது. ஐந்து வருடம் கழித்து, 2018இல், அந்தப் படை முழுவதும் ஆயுதப் பொலிஸின் கீழ் போய் ஆயுதப் படைகளை நடத்தும் மத்திய இராணுவ ஆணைக்குழுவின் கட்டளைக்குள் வந்தது. 2021 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், சில சூழ்நிலைகளில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீதும் ஆயுதம் பயன்படுத்த இடம் கொடுத்தது. மீன்பிடி அதிகாரி செய்த வேலை கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். சேர்ப்பதற்கு முன்பே, சேர்ந்தது யாருக்குக் கீழ் இருக்கும் என்று கேட்டுவிட வேண்டும். முப்பது வருடப் போரை இந்தக் கடலில் பார்த்த நாங்கள் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இங்கே இலங்கையில் நடப்பதை எடுங்கள். எல்லை தாண்டி வரும் படகைக் கடற்படை பிடிக்கிறது, காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுவந்து திணைக்களத்திடம் ஒப்படைக்கிறது, திணைக்களம் ஊர்காவற்றுறை நீதவான் முன்போ பருத்தித்துறை நீதவான் முன்போ வழக்கு வைக்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் திணைக்களத்தின் கையில், கடலுக்குப் போகும் படகும் எரிபொருளும் ஆளும் கடற்படையின் கையில். உங்கள் அறுந்த வலைக்கான முறைப்பாடு இந்த இரண்டிலும் ஒட்டாமல் பொலிஸ் புத்தகத்தில் கிடக்கிறது. இதற்குப் புதிய படை தேவையில்லை. திணைக்கள அதிகாரி கடலுக்குப் போகப் படகு கொடுக்க வேண்டும், வலை இழந்தவரின் முறைப்பாடு பிடிபட்ட படகின் வழக்கோடு சேர்ந்து நீதவானிடம் போக வேண்டும், அந்த முறைப்பாட்டைத் தமிழில் எழுதி எடுக்க இறங்குதுறையிலேயே ஆள் இருக்க வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது: நேரம், ஜிபிஎஸ் இடம், தெரிந்தால் றோலரின் பதிவு இலக்கம் மூன்றையும் அன்றைக்கே எழுதிச் சங்கத்திலும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

கேள்வி: கடற்படை இருக்கும்போது கரையோரக் காவல்படை எதற்கு? வீண் செலவுதானே?
(காரைநகர் வாசகர்)

இல்லை. கடற்படை எதிரியைத் தேடப் பழகியது, கரையோரக் காவலுக்கு வேண்டியது சட்டம் மீறியவரைப் பிடித்து ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் நிறுத்தவும், கவிழ்ந்த படகில் இருப்பவரைத் தூக்கவும் பழகிய ஆட்கள். இந்தியா 1978இலேயே தனிச் சட்டம் போட்டுப் பிரித்தது. பிலிப்பைன்ஸ் 1998இல் கடற்படையிலிருந்து பிரித்துப் பிறகு போக்குவரத்துத் துறையின் கீழ் வைத்தது. அதனால் ஒரு கைமேல் பலனும் கிடைத்தது: அப்போது இராணுவத்துக்கு உதவி கொடுக்காத ஜப்பான், அவர்களுடைய கரையோரக் காவலுக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டிக்கொடுத்தது. எங்களுடையது 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்து 2010இல் வேலை தொடங்கியது, தலைமையகம் மிரிஸ்ஸவில். ஆனால் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ், தலைமையில் கடற்படையிலிருந்து வரும் அதிகாரிகள். பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் பழக்கம் அப்படியே இருந்தால் மீனவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ஒரு பெரிய விபத்து நடந்தால் உள்ள அமைப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சரிதானே?
(குருநகர் வாசகர்)

தென்கொரியாவில் அதைத்தான் செய்தார்கள். 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலானோர் பள்ளிப் பிள்ளைகள். மீட்பில் தவறியதற்காக அடுத்த மாதமே கரையோரக் காவலைக் கலைப்பதாக ஜனாதிபதி பார்க் கியுன் ஹே அறிவித்தார், நவம்பரில் அது புதிய அமைச்சு ஒன்றுக்குள் போனது. 2017இல், ஆட்சி மாறியதும், அதையே திரும்பத் தனியாக நிறுவினார்கள். கலைத்ததால் ஒரு மீட்பு வீரரும் புதிதாக நீந்தப் பழகியிருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகுகள் ஓடும் குருநகரிலிருந்து கேட்டிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இழுவைமடித் தொழிலை எங்கள் நாடாளுமன்றமே 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டுப் படகுக்கும் எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகுக்கும் ஒன்றுதான். கடலடியைச் சுரண்டுவது யாருடைய மடி என்று மீன் பார்ப்பதில்லை. எந்தப் படை வந்து காவல் காத்தாலும் இரண்டையும் பிடிக்க வேண்டும். ஆனால் உள்ளூரில் இந்தத் தொழிலை விடுகிறவர்களுக்கு மாற்று வலையும் கடனும் கொடுத்துவிட்டுப் பிடிப்பதுதான் நியாயம்.