மாநகராட்சிப் பலகை வந்தாச்சு, அப்புறம்?

இந்த முறை தாம்பரத்துப் பக்கமிருந்து வந்த கேள்விகளே அதிகம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுப் படித்தால் ஆவடிக்கும் பொருந்தும்.

தாம்பரம் மாநகராட்சி ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. பெயர்ப்பலகை, ரசீது தவிர வேறென்ன மாறியிருக்கிறது? (வாசகர், சேலையூர்)

ரசீதில் இருக்கும் தொகையும் மாறியிருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள்!

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டியதுதான் இந்த மாநகராட்சி. 70 வார்டு, ஐந்து மண்டலம். அடுத்த ஜனவரி 1 அன்று தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமும் வந்துவிட்டது. அதிகாரிகளின் எண்ணிக்கை கூடியது, டெண்டர்களின் அளவு கூடியது. ஆனால் உங்கள் தெருமுனையில் பள்ளம் விழுந்தால் யாரிடம் போவது என்ற குழப்பம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது மாநகராட்சி ஆனதால் தீருகிற குழப்பம் இல்லை. ஜிஎஸ்டி சாலையும் முடிச்சூர் சாலையும் வேளச்சேரி சாலையும் மாநகராட்சியின் கையில் இல்லை, நெடுஞ்சாலைக்காரர்களுடையவை. ஏரிகளில் பலவும் நீர்வளத் துறையிடம். மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்குகிற விளக்கு மாநகராட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்று ஈபி ஆபீசுக்குப் போனால் மாநகராட்சியைக் கைகாட்டுவார்கள், கம்பம் சாய்ந்திருக்கிறது என்று மாநகராட்சிக்குப் போனால் ஈபியைக் கைகாட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பதுதான் கடுப்பு.

எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் போன் எடுப்பது, தெருவுக்கு வருவது, ஒப்பந்ததாரரிடம் பேசுவது எல்லாம் அவர் வீட்டுக்காரர். இதை யாரிடம் சொல்வது? (வாசகி, செம்பாக்கம்)

முதலில் கவுன்சிலரிடமே சொல்லுங்கள், அதுவும் எழுத்தில். மனுவை அவர் பெயருக்கு எழுதி, நேரில் அவர் கையிலேயே கொடுங்கள். "சார்கிட்ட குடுங்க" என்றால், "இல்லைம்மா, ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், தப்பில்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. தாம்பரத்தின் முதல் மேயராக வசந்தகுமாரி கமலக்கண்ணன் பதவியேற்றபோது அவருக்கு வயது 25. ஆக, நாற்காலி கொடுத்தாயிற்று. அதில் உட்கார விடுவதுதான் இன்னும் முழுசாக நடக்கவில்லை. இதில் நம் பங்கும் இருக்கிறது, பாருங்கள். வீட்டுக்காரர் நம்பரைத்தான் நாமும் வாங்கி வைத்துக்கொள்கிறோம், "அவர்கிட்ட சொன்னாத்தான் வேலை நடக்கும்" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். மாமன்றக் கூட்டத்தில் பேசுகிற உரிமையும் தீர்மானத்துக்குக் கை தூக்குகிற உரிமையும் அந்த அம்மாவுக்கு மட்டும்தான், மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமும் அவர் பெயருக்குத்தான். கூட்டத்தில் அவர் உங்கள் தெருவைப் பற்றி என்ன பேசினார் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் பேசத் தொடங்கிவிடுவார்.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? (வாசகர், பல்லாவரம்)

தேர்ந்தெடுத்திருக்கிறோமே, தமிழ்நாட்டு மேயர்களை! 1996, 2001-ல் நேரடி. 2006-ல் கவுன்சிலர்கள் மூலம். 2011-ல் மறுபடி நேரடி. அப்புறம் சட்டத்தை இப்படியும் அப்படியும் திருத்தி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள் மூலம். எது தங்களுக்குச் சாதகம் என்று ஆளும் கட்சி கணக்குப் போடுகிறதோ அதுவே அந்த வருஷத்து ஜனநாயகம். இதில் இரண்டு கழகத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் எங்கள் வீடு பள்ளத்துக்குப் போகிறது. முன்பு வாசலுக்கு மூன்று படி ஏறுவோம், இப்போது ரோட்டிலிருந்து இறங்குகிறோம். மழை பெய்தால் தண்ணீர் நேராக ஹாலுக்கு. (வாசகி, சிட்லபாக்கம்)

உங்கள் தெருவை நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்தப் பக்கத்துத் தெருக்களைப் பார்த்திருக்கிறேன். காம்பவுண்ட் கேட்டைப் பாதிக்கு மேல் திறக்க முடியாமல் அடியில் அறுத்துவிட்டிருப்பார்கள், தண்ணீர் மீட்டர் குழி தார் மட்டத்துக்குக் கீழே போய் மூடி மட்டும் தெரியும், வாசலில் மணல் மூட்டை நிரந்தரமாகக் கிடக்கும். கொஞ்சம் வசதியானவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். ரோடு போட்டதற்கு வரியும் கட்டி, அதிலிருந்து தப்பிக்க லட்சக்கணக்கில் செலவும் செய்வது நம் ஊரில்தான் நடக்கும்.

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், சாலையின் உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். உத்தரவு இருக்கிறது, சுரண்டுகிற மிஷின்தான் நம் தெருவுக்கு வருவதில்லை. தார் வண்டி வருவது பெரும்பாலும் ராத்திரி, காலையில் எழுந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும். அதனால் ஜல்லி வந்து இறங்கிய அன்றே உதவிப் பொறியாளரிடம் போய், வேலையின் மதிப்பீட்டில் மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டுகிற வேலை, இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், சுரண்டாமல் போட்டால் அந்தக் காசு யாருக்குப் போனது என்பது அடுத்த கேள்வி. வாயால் கேட்டுப் பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டின் நகலையும், செய்த வேலையை அளந்து பொறியாளர் எழுதி வைக்கிற அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள், 30 நாளில் தந்தாக வேண்டும். அளவுப் புத்தகத்தைக் கேட்கிற தெரு என்று பெயர் வாங்கிவிட்டால் ஒப்பந்ததாரர் கொஞ்சம் பார்த்துத்தான் நடப்பார்.

சொத்து வரியைச் சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டா? (வாசகர், குரோம்பேட்டை)

உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் வட்டி. வரி எழுதும்போது உங்கள் வீட்டுச் சதுர அடியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாதாளச் சாக்கடை எப்போது வரும்? செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுத்தே ஓய்ந்துவிட்டோம். (வாசகர், மாடம்பாக்கம்)

தேதி சொல்கிற அளவுக்கு எனக்கு ஜோசியம் தெரியாது. அதுவரை இரண்டு விஷயம். உரிமம் உள்ள லாரியைத்தான் கூப்பிட வேண்டும், 14420 என்ற எண்ணில் கேட்கலாம். உரிமம் இல்லாதவன் இருநூறு முன்னூறு குறைத்துக் கேட்பான், அதை ராத்திரியில் எங்கே கொண்டுபோய்த் திறந்துவிடுகிறான் என்று உங்கள் பக்கத்து மழைநீர்க் கால்வாயை மோந்து பார்த்தால் தெரியும். இன்னொன்று, அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் சேர்த்து. "அவரே இறங்குறேன்னாரு" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

எங்கள் ஊராட்சியையும் தாம்பரத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்கிறார்கள். நல்லதா கெட்டதா? (வாசகர், அகரம்தென்)

இந்தப் பேச்சு சில வருஷமாகவே ஓடுகிறது. மனை விற்கிறவருக்கு நல்லது, அதில் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கே விளம்பரத்தில் "மாநகராட்சிக்கு மிக அருகில்" என்று போடுகிறார்கள், சேர்ந்துவிட்டால் அந்த "அருகில்" போய்விடும், சதுர அடி விலை ஏறும்.

உங்களுக்கு? குப்பை அள்ள ஆள் கூடுதலாக வரலாம், குடிநீர்த் திட்டத்துக்குப் பெரிய தொகை கேட்க முடியும். ஆனால் கை நழுவுவதையும் பாருங்கள். ஊராட்சித் தலைவரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள், காலையில் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை, வரவு செலவை எல்லார் முன்னாலும் படித்தாக வேண்டும். நகரத்தில் 2022-லிருந்து பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, நடந்தால் பள்ளிக்கூட வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் முப்பது பேரில் பாதி கட்சிக்காரர்கள். நூறு நாள் வேலையும் ஊராட்சியோடு போய்விடும். அதை நம்பியிருக்கிற பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும் அரசு நினைத்தால் சேர்த்துவிடும். அதனால் நான் சொல்வது வேறு. அடுத்த கிராம சபையில் ஊரின் குளம், மயானம், புறம்போக்கு, பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று பத்து சதவீதம் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடங்கள், எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு பட்டியல் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். இணைப்பு நடக்கிற சமயத்தில் ஆபீஸ் மாறும், பீரோ மாறும், கோப்பு காணாமல் போகும், பூங்கா இடத்தில் ஒரு நாள் காலையில் தகரத் தடுப்பு நிற்கும். அப்போது காட்ட உங்கள் கையில் ஒரு நகல் வேண்டும். தீர்மான நகலில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு செட்டாக.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு லாபம்தானே? (வாசகர், பெருங்களத்தூர்)

உங்களுக்கு லாபம். சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரிலிருந்து திருச்சி போகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.